புளிய இலைகளைச் சுழற்றும் லென்ஸ்

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், ஒரு புளியமரத்துக்கு முன்னால் ஒருவரை நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய தரமான லென்ஸ் பின்னாலிருக்கும் இலைக்கூட்டத்தை வழுவழுப்பான பச்சையாகக் கரைத்துவிடும். அதே இடத்தில், அதே கேமராவில், சோவியத் ஒன்றியத்தில் தயாரான ஹீலியோஸ் 44-2 லென்ஸை மாட்டிப் பாருங்கள். இலைகளின் இடுக்கில் தெரியும் வானத் துணுக்குகள் ஒவ்வொன்றும் இருமுனையும் கூர்ந்த சிறு வடிவமாகி, நடுவிலிருக்கும் முகத்தைச் சுற்றி வட்டமடிப்பதுபோல அணிவகுக்கும். மரம் அசையவில்லை, காற்றும் இல்லை. ஆனாலும் படத்தில் பின்னணி சுழல்கிறது.

இந்தச் சுழலுக்காகவே உலகெங்கும் பலர் அந்த லென்ஸைத் தேடி வாங்குகிறார்கள். மென்பொருள் வித்தை எதுவும் இதில் கிடையாது. கண்ணாடி, உலோகக் குழல், ஒளி மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை இது. வார இறுதிகளில் பழைய லென்ஸோடு வெளியே கிளம்புகிறவர்களில் நானும் ஒருவன். படங்களின் அழகுக்காகத் தொடங்கிய பழக்கம்தான். ஆனால் அந்த அழகுக்குப் பின்னாலிருக்கும் இயற்பியல் பிடிபடத் தொடங்கியதும் அதை விட முடியவில்லை. எந்த லென்ஸும் குறையற்றது அல்ல. எந்தப் பிழையைத் திருத்துவது, எதை விட்டுக்கொடுப்பது என்று அதை வடிவமைத்தவர் ஒளியோடு பேரம் பேசியிருக்கிறார். புதிய லென்ஸ்கள் அந்தப் பேரத்தை நம் கண்ணில் படாமல் மறைத்துவிடுகின்றன. மிச்சமிருக்கும் பிழையைக் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் துடைத்துவிடுகிறது. பழைய லென்ஸ் எதையும் மறைப்பதில்லை. அதனால்தான் ஒளியியலைக் கையில் பிடித்துக் கற்க அதைவிட நல்ல கருவி இல்லை என்கிறேன்.

ஹீலியோஸின் பூர்வீகம் ஜெர்மனி. ஜேனா நகரத்து கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே என்பவர் 1930களில் கணக்கிட்டு வடிவமைத்த ‘பியோடார்’ 58 மி.மீ. லென்ஸ்தான் அதன் மூலம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜேனா சோவியத் வசமானது. ஸைஸின் இயந்திரங்களும் வரைபடங்களும் வல்லுநர்களும் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பியோடாரின் வடிவம் சோவியத் கண்ணாடி வகைகளுக்கு ஏற்ப மறுபடி கணக்கிடப்பட்டு, மாஸ்கோவுக்கு அருகிலுள்ள க்ரஸ்னகோர்ஸ்க் ஆலையில் ஹீலியோஸ் 44 என்ற பெயரில் 1950களின் இறுதியில் வெளிவந்தது. பிறகு ஸெனிட் கேமராக்களோடு லட்சக்கணக்கில் உலகம் முழுவதும் போனது. இன்றும் மலிவாகக் கிடைப்பதற்கு அந்த எண்ணிக்கையே காரணம்.

பியோடாருக்கும் ஒரு முன்னோர் உண்டு. தொலைநோக்கிக்காகக் கணித மேதை காஸ் 1817இல் யோசித்த இரட்டைக் கண்ணாடி அமைப்பு ஒன்று இருந்தது. அதை முதுகோடு முதுகாக இரண்டு ஜோடிகளாக வைத்தால் என்ன ஆகும் என்று அமெரிக்கரான ஆல்வன் கிரஹாம் கிளார்க் 1888இல் பார்த்தார். ஸைஸின் பால் ருடால்ஃப் 1896இல் அந்த யோசனையை வளர்த்து ‘பிளானார்’ லென்ஸாக்கினார். இந்தக் குடும்பத்துக்கே ‘டபுள் காஸ்’ என்று பெயர். ஹீலியோஸில் ஆறு கண்ணாடிகள் இருக்கின்றன. நான்கு கண்ணாடிகள் இரண்டிரண்டாக ஒட்டப்பட்டிருப்பதால் ஆறும் சேர்ந்து நான்கு தொகுதிகளாக நிற்கும். நடுவே எட்டு இதழ்கள் கொண்ட துளை. துளைக்கு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி அமைப்பு.

இந்தச் சமச்சீரில்தான் சூட்சுமம் இருக்கிறது. கண்ணாடி ஒளியை வளைக்கும்போது ஏற்படும் ஐந்து அடிப்படைப் பிறழ்ச்சிகளை லுட்விக் ஸைடல் என்ற ஜெர்மானியர் 1850களில் வகைப்படுத்தினார். அவற்றில் நேர்க்கோட்டை வளைக்கும் உருக்குலைவு, ஓரப் புள்ளிகளுக்கு வால் முளைக்கவைக்கும் கோமா ஆகிய இரண்டும் துளைக்கு முன்னால் ஒரு திசையிலும் பின்னால் எதிர்த்திசையிலும் ஏற்படக்கூடியவை. அமைப்பு சமச்சீராக இருந்தால் முன்பாதி செய்த பிழையைப் பின்பாதி பெரும்பாலும் அழித்துவிடும். படத்தின் ஓரத்தில் நிறங்கள் பிரிந்து தெரியும் சிக்கலும் அப்படியே குறையும். கோளப் பிறழ்ச்சி, புல வளைவு, அஸ்டிக்மாடிசம் ஆகியவை சமச்சீருக்கு அடங்குவதில்லை. அவற்றோடு கண்ணாடித் தேர்வாலும் வளைவுகளாலும் இடைவெளிகளாலும்தான் மல்லுக்கட்ட வேண்டும். மெர்ட்டே காலத்தில் கணினி கிடையாது. ஒவ்வொரு கதிரின் பாதையையும் மடக்கை அட்டவணையும் கணக்கு இயந்திரமும் வைத்து மனிதர்களே கணித்தார்கள். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இந்தச் சிறு உலோக உருளை மீது பெரிய மரியாதை வந்துவிடுகிறது.

இனி சுழலுக்கு வருவோம். வீட்டில் இரண்டு வளையல்களை எடுத்து, ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு அங்குல இடைவெளியில் பிடித்து நேராகப் பாருங்கள். திறப்பு முழு வட்டமாக இருக்கும். சற்றுச் சாய்வாகப் பாருங்கள். இரு வட்டங்களும் விலகி, பொதுவான திறப்பு பூனைக் கண்போல ஒடுங்கும். லென்ஸின் முன் விளிம்பும் பின் விளிம்பும் இப்படித்தான். படத்தின் நடுவில் விழும் ஒளிக்கற்றை முழு வட்டமாக உள்ளே வருகிறது. ஓரத்துக்குப் போகும் கற்றை சாய்வாக நுழைவதால் இரு பக்கமும் வெட்டுப்படுகிறது. வெட்டு எப்போதும் மையத்தை நோக்கிய திசையில் நடப்பதால் அந்தத் திசையில் ஒளிவட்டம் ஒடுங்கி, அதற்குக் குறுக்காக நீண்டு நிற்கும். மையத்தைச் சுற்றி எல்லா இடத்திலும் இதே கதைதான் என்பதால், நீண்ட வடிவங்கள் எல்லாம் ஒரு வட்டப்பாதையில் ஓடுவதுபோலக் கண் அவற்றைக் கோத்துப் பார்க்கிறது. முன் கண்ணாடியைப் பெரிதாகச் செய்திருந்தால் இந்த வெட்டு குறைந்திருக்கும். ஆனால் எடையும் விலையும் ஏறியிருக்கும். சுழல் என்பது அன்று விட்டுக்கொடுத்த பேரத்தின் அடையாளம்.

புளியமரத்தைச் சொன்னதற்கும் காரணம் உண்டு. சுழல் தெரிய வேண்டுமானால் பின்னணியில் சிறுசிறு வெளிச்சப் புள்ளிகள் நிறைய வேண்டும். புளிய இலைகளும் வேப்பிலைகளும் பொடிப்பொடியாக இருப்பதால் நடுவே நூற்றுக்கணக்கான வானத் துளைகளைத் தருகின்றன. வாழைத் தோப்பின் முன்னால் நின்றால் இதே லென்ஸ் எதையும் சுழற்றாது, ஏனென்றால் அகன்ற இலையில் புள்ளிகள் இல்லை. பனி ஈரம் காயாத நெற்பயிர் இன்னொரு அருமையான பின்னணி. ஒவ்வொரு துளியும் சூரியனின் ஒரு நுண்பிம்பத்தைத் தாங்கி நிற்கும். அத்தோடு ஹீலியோஸின் ஒளிவட்டங்களுக்கு விளிம்பில் சற்று அதிக வெளிச்சம் இருக்கும். அது கோளப் பிறழ்ச்சியை ஓரளவு மிகையாகத் திருத்தியதால் வருவது. அந்த விளிம்புதான் சுழலுக்குக் கோடு போட்டுக் காட்டுகிறது.

வட்டங்கள் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை ஓர் எளிய விதி சொல்லிவிடுகிறது. எஃப் 2 என்றால் குவியத் தூரத்தை 2ஆல் வகுத்த அகலம் லென்ஸின் திறப்பு. 58 மி.மீ. லென்ஸுக்கு 29 மி.மீ. நீங்கள் ஃபோகஸ் செய்த ஆள் நிற்கும் தூரத்தில் வைத்துப் பார்த்தால், மிகத் தொலைவிலுள்ள ஒரு விளக்கு எப்போதும் அந்தத் திறப்பின் அளவே உள்ள வட்டமாகத் தெரியும். அதாவது அவருடைய தோள் பக்கத்தில் 29 மி.மீ. அகலமுள்ள ஒளித்தட்டு ஒன்றைப் பிடித்தால் எந்த அளவில் தெரியுமோ அந்த அளவு. பின்னணி கிட்டே வர வர வட்டம் சுருங்கும். கைப்பேசியின் முதன்மைக் கேமராவில் குவியத் தூரம் சுமார் 6 மி.மீ., திறப்பு 3 மி.மீ.க்குச் சற்று அதிகம். அங்கே ஒளித்தட்டும் 3 மி.மீ. சொச்சம்தான். கைப்பேசி ஏன் பின்னணியைக் கணக்குப்போட்டு மங்கலாக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதுவே முழுக் காரணம். முடியின் இழையிலும் மூக்குக்கண்ணாடியின் விளிம்பிலும் அந்தக் கணக்கு தடுமாறுவதை யாரும் பார்த்திருக்கலாம். உண்மையான திறப்புள்ள லென்ஸுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை.

இங்கே ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. ஹீலியோஸ் பொருத்தி வந்த ஸெனிட்-ஈ கேமராவின் அதிகபட்ச ஷட்டர் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்கு. நல்ல வெயிலில் வேகம் 100 உள்ள ஃபிலிமுக்கு எஃப் 16இல் நொடியில் 100இல் ஒரு பங்கு சரியாக இருக்கும் என்பது அந்தக் கால ஒளிப்படக்காரர்களின் மனப்பாடம். எஃப் 16இலிருந்து எஃப் 2க்கு வந்தால் ஒளி 64 மடங்கு அதிகம் நுழையும். எனவே ஷட்டர் 6400இல் ஒரு பங்குக்குப் போக வேண்டும். ஸெனிட்டால் அது முடியாது. வெயிலில் அதை வைத்திருந்தவர் எஃப் 5.6க்கோ 8க்கோ மூடியே ஆகவேண்டும். அவ்வளவு மூடினால் துளை இதழ்கள் உள்ளே நெருங்கி, வளையல் விளிம்புகள் வெட்டும் பகுதியே பயன்படாமல் போகும், சுழலும் இருக்காது. ஆக, வெயில் ஊடுருவும் மரத்தடியில் எடுத்த இந்தச் சுழல் படங்கள் பெரும்பாலும் நம் காலத்துப் பொருள். நொடியில் 8000இல் ஒரு பங்கு வரை போகும் ஷட்டரும் அதற்கும் மேல் போகும் மின்னணு ஷட்டரும் வந்த பிறகே அந்த லென்ஸின் முழுத் திறப்பு பகல் வெளிச்சத்தில் தாராளமாகத் திறந்தது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய லென்ஸின் ஒரு குணம், அதைச் செய்தவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரிகிறது.

முழுத் திறப்பில் இன்னொன்றும் நடக்கும். வெளிச்சமான விளிம்புகளைச் சுற்றி மெல்லிய ஒளிப்படலம் படரும். கூர்மை இருக்கும், ஆனால் அதன்மேல் ஒரு மென்மையும் இருக்கும். லென்ஸின் விளிம்பு வழியே வரும் கதிர்களும் நடுவழியே வரும் கதிர்களும் ஒரே புள்ளியில் சேராத கோளப் பிறழ்ச்சியின் விளைவு அது. இந்த மங்கலின் அளவு திறப்பின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். எஃப் 2இலிருந்து எஃப் 4க்குத் திறப்பைப் பாதியாக்கினால் மங்கல் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் பழைய லென்ஸ்கள் இரண்டே படி மூடியதும் வேறு லென்ஸோ என்று தோன்றும் அளவுக்குக் கூர்மையாகின்றன. அதற்காக எஃப் 16 வரை மூடிக்கொண்டே போகவும் கூடாது. துளை சிறிதாகச் சிறிதாக ஒளி விளிம்பில் விலகிப் பரவும். எஃப் 16இல் பச்சை ஒளியின் ஒரு புள்ளி சென்சாரில் 0.021 மி.மீ. அகலத்துக்கு விரியும். 24 மெகாபிக்சல் முழுச் சட்டக சென்சாரின் ஒரு பிக்சல் 0.006 மி.மீ.தான். நிலக்காட்சிக்கு எஃப் 5.6, எஃப் 8 ஆகியவையே இந்த லென்ஸின் உச்சம்.

சரி, எங்கோ ஒரு ஆலையில் திருகுமரையோடு செய்த லென்ஸ் இன்றைய கேமராவில் எப்படிப் பொருந்துகிறது? ஹீலியோஸ் 44-2இன் பின்புறத்தில் 42 மி.மீ. விட்டமுள்ள மரை இருக்கிறது. 1949இல் டிரெஸ்டனில் வெளியான காண்டாக்ஸ் எஸ் கேமராவில் அறிமுகமாகி, பிறகு பல நாட்டு நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட அளவு இது. எஸ்எல்ஆர் எனப்படும் அந்தக் கேமராக்களில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி எழும்பி இறங்க வேண்டும். அதற்கு இடம் விட்டு, லென்ஸ் அமரும் தளத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. என்று நிர்ணயித்தார்கள். நிக்கானின் பழைய எஃப் வகைக் கேமராவில் இந்தத் தூரம் 46.5 மி.மீ. லென்ஸ் இருக்கவேண்டிய இடத்தைவிட 1 மி.மீ. வெளியே தள்ளி நிற்பதால், அதில் ஹீலியோஸை மாட்டினால் சுமார் மூன்றரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளியாது. ஒரு மில்லிமீட்டர் ஒரு மலைக்காட்சியையே பறித்துக்கொள்கிறது.

கேமராவிலிருந்து அந்த எழும்பும் கண்ணாடி போனதும் நிலைமை தலைகீழானது. 2008இல் பானாசோனிக் ஜி1 வந்தது. 2013இல் சோனி ஏ7 முழுச் சட்டக சென்சாரோடு வந்தது. சோனி இ வகையில் தளத்திலிருந்து சென்சார் வரை வெறும் 18 மி.மீ., நிக்கான் இஸட் வகையில் 16, கேனன் ஆர்எஃப் வகையில் 20. எந்தப் பழைய எஸ்எல்ஆர் லென்ஸை எடுத்தாலும் மிச்சமிருக்கும் இடைவெளியை ஓர் உலோக வளையத்தால் நிரப்பிவிடலாம். சோனிக்கு 45.46இல் 18 போக 27.46 மி.மீ. உயரமுள்ள வெற்றுக் குழல் போதும். உள்ளே கண்ணாடி கிடையாது, மின்சாரம் கிடையாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த அடாப்டர், கைவிடப்பட்ட எத்தனையோ கேமராக் குடும்பங்களின் லென்ஸ்களை மறுபடி வேலைக்கு அழைத்து வந்திருக்கிறது.

ஆனால் அந்தக் குழலின் நீளத்தில் கவனம் வேண்டும். 58 மி.மீ. லென்ஸ் முடிவிலியிலிருந்து 10 மீட்டருக்கு ஃபோகஸ் மாற வெறும் 0.34 மி.மீ. முன்னால் நகர்கிறது. 2 மீட்டருக்கு வர 1.8 மி.மீ., அரை மீட்டருக்கு வர சுமார் 9 மி.மீ. அடாப்டர் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலே 10 மீட்டருக்கு அப்பாலுள்ளவை தெளிவாகாது. அதனால் தயாரிப்பவர்கள் பலர் வேண்டுமென்றே சற்றுக் குட்டையாகச் செய்கிறார்கள். அப்போது லென்ஸில் பொறித்திருக்கும் தூர எண்கள் கொஞ்சம் பொய் சொல்லும். மலையும் நிலவும் தெளிவாகும் இடம், முடிவிலிக் குறிக்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு ஒரு பகலில் தொலைவிலுள்ள கோபுரத்தையோ கைப்பேசிக் கம்பத்தையோ பார்த்து உங்கள் அடாப்டரின் உண்மையான முடிவிலியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸின் தூர வளையத்தில் 5 மீட்டருக்கு மேலுள்ள எண்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதும், கிட்டத்து எண்கள் விசாலமாக இருப்பதும் மேலே சொன்ன கணக்கால்தான். தானியங்கி ஃபோகஸ் லென்ஸில் இந்தக் கணக்கு மோட்டாருக்கு மட்டுமே தெரியும். இங்கே விரலுக்குத் தெரிகிறது. பித்தளை, அலுமினிய மரைகள் கிரீஸ் பூசிய வழவழப்பில் சுற்றும்போது, முகம் மெல்லத் தெளிந்து, தெளிவின் உச்சத்தைத் தாண்டி மறுபடி கரைவதைப் பார்க்கலாம். ஒன்றரை மீட்டரில் நிற்கும் முகத்துக்கு எஃப் 2இல் கிடைக்கும் தெளிவு ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து சுமார் 8 செ.மீ. அதுவும் சாதாரண அளவில் அச்சிட்டுப் பார்க்கும் கணக்கில். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் குறைவு. கண்ணிமையைப் பிடித்தால் காது நழுவும்.

கேமரா இதற்கு உதவுகிறது. அடுத்தடுத்த பிக்சல்களுக்கு இடையே வெளிச்சம் சட்டென்று மாறும் விளிம்புகளைக் கண்டுபிடித்து அவற்றுக்குச் சிவப்போ மஞ்சளோ பூசிக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. ஃபோகஸ் பீக்கிங் என்பார்கள். விளிம்பு கூர்மையாகும்போதுதான் வண்ணம் ஏறும் என்பதால் வளையத்தை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும். ஆனால் முழுத் திறப்பில் பழைய லென்ஸ் தரும் அந்த ஒளிப்படலம் பீக்கிங்கைக் குழப்பும். பொத்தானை அழுத்தி ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பதே நம்பகமானது. இன்னொன்று: கோளப் பிறழ்ச்சி உள்ள லென்ஸில் துளையை மூடும்போது தெளிவுத் தளமே சற்று நகரும். ஆகவே எஃப் 2இல் ஃபோகஸ் செய்துவிட்டு எஃப் 4இல் எடுக்காமல், எடுக்கப்போகும் துளையிலேயே ஃபோகஸ் செய்வது நல்லது. 44-2இல் துளைக்கு இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்று எல்லையை நிர்ணயிக்கும். மற்றது அந்த எல்லைக்குள் சத்தமில்லாமல் திறந்து மூடும்.

வாரச் சந்தை மாதிரி ஆட்கள் நிற்காமல் நகரும் இடத்தில் இப்படிப் பெரிதாக்கிப் பார்க்க நேரமிருக்காது. அங்கே பழையவர்களின் முறைதான் சிறந்தது. துளையை எஃப் 8இல் வைத்து வளையத்தை 14 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 7 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு. எஃப் 11இல் 10 மீட்டருக்கு வைத்தால் 5 மீட்டரிலிருந்தே தெளிவு தொடங்கும். லென்ஸின் மேல் துளை எண்கள் இரு பக்கமும் சமச்சீராகப் பொறித்திருப்பது இந்தக் கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் சொல்வதற்காகவே. 4 மீட்டரில் வைத்துவிட்டு, அந்தத் தூரத்துக்கு ஆள் வரும்போது அழுத்துகிற பழக்கம் வந்துவிட்டால், எந்தத் தானியங்கியும் இதைவிட வேகமாக இருக்க முடியாது. ஏனென்றால் இங்கே ஃபோகஸ் செய்ய வேண்டிய வேலையே மிச்சமில்லை.

சூரியனை எதிரில் வைத்து எடுத்தால் பழைய லென்ஸின் மற்றொரு முகம் தெரியும். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளி திரும்பிவிடும். ஹீலியோஸ் போன்ற அமைப்பில் எட்டுப் பரப்புகள். பூச்சு எதுவும் இல்லாவிட்டால் உள்ளே போகும் ஒளியில் 28 விழுக்காடு மறுபக்கம் சேராது. போனது போகட்டும் என்று விடவும் முடியாது. திரும்பிய ஒளி இன்னொரு பரப்பில் பட்டு மறுபடி சென்சாரை நோக்கி வரும். எட்டுப் பரப்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 28 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு போலி பிம்பத்தையோ வெளுப்பையோ கொண்டுவரக்கூடியது. 1896இல் பிறந்த பிளானார் வெகுகாலம் ஓரமாகக் கிடந்ததற்கு இதுவே பெரிய காரணம். ஆறே பரப்புகள் கொண்ட டெஸ்ஸார் 1902இல் வந்து களத்தைப் பிடித்துக்கொண்டது.

டபுள் காஸ் குடும்பத்துக்கு வாழ்வு கொடுத்தது ஒரு மெல்லிய பூச்சு. 1890களிலேயே டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர், காலத்தால் நிறம் மங்கிய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியைக் கடத்துவதைக் கவனித்திருந்தார். 1935இல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா வெற்றிடத்தில் கண்ணாடியின்மேல் படலம் படியவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மக்னீசியம் ஃபுளோரைடைப் பச்சை ஒளி அலைநீளத்தின் கால் பங்கு தடிமனில், அதாவது ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனில், படியவைத்தால் படலத்தின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும் அலையும் அடிமுகத்தில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும். திரும்பாத ஒளி உள்ளே செல்லும். பச்சைக்குக் கணக்குப் பார்த்த படலம் சிவப்பையும் நீலத்தையும் முழுதாக அடக்காது. அதனால்தான் ஒற்றைப் பூச்சு லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதா நிறம் பளபளக்கும். ஹீலியோஸ் 44-2இலும் இந்தத் தலைமுறைப் பூச்சுதான். எதிர்வெயிலில் நிழல்கள் வெளுக்கும், வானவில் கீற்று குறுக்கே ஓடும். சென்சாரும் ஃபிலிமைவிடப் பளபளப்பானது, தன் பங்குக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும். 49 மி.மீ. வாய்க்குப் பொருந்தும் ஓர் எளிய நிழல்குழல் இதில் பாதியைத் தடுத்துவிடும். அந்தக் கீற்று வேண்டுமென்றால் அதைக் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் வெயிலை நேராகப் பார்த்தபடி கேமராவை வைத்துவிடாதீர்கள். மூடாத லென்ஸ் சூரியனைச் சென்சார் மீதும் ஷட்டர் மீதும் குவித்து எரித்துவிடும்.

ஹீலியோஸை விட்டுக் கொஞ்சம் விலகினால், ஜப்பானின் பென்டாக்ஸ் செய்த டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் கதை எனக்குப் பிடித்தமானது. அதன் பெரும்பாலான பதிப்புகளில் ஒரு கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்திருக்கிறது. ஒளியை அதிகம் வளைக்க வேண்டும், ஆனால் நிறங்களைப் பிரிக்கக் கூடாது என்ற இரண்டு ஆசைகளையும் சேர்த்து நிறைவேற்றும் கண்ணாடி அன்று அரிது. தோரியம் அதைச் சாத்தியமாக்கியது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டில் இருக்கிற அதே தோரியம்தான். கதிரியக்கம் மிதமானது, கேமராவில் மாட்டிப் படமெடுப்பதால் கவலைப்பட வேண்டியதில்லை. கண்ணாடியை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது, அவ்வளவே. ஆனால் அந்தக் கதிர்வீச்சு பல ஆண்டுகளாகத் தன் கண்ணாடியையே தாக்கி, எலெக்ட்ரான்களை இடம்பெயர்த்து, நீலத்தை விழுங்கும் சிறு மையங்களை உண்டாக்குகிறது. லென்ஸ் தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். மருந்து புற ஊதா ஒளி. சில நாட்கள் அந்த ஒளியில் வைத்தால் எலெக்ட்ரான்கள் பழைய இடத்துக்குத் திரும்பி, கண்ணாடி வெளுத்துவிடும். வெயிலில் வைக்கிறவர்கள் அருகிலேயே இருக்க வேண்டும். லென்ஸ் வெயிலைக் குவித்துத் துணியையும் மரத்தையும் பற்றவைக்கும் என்பதை மறக்கக் கூடாது.

கேமராவில் செய்யவேண்டியவை சில. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் இயக்குங்கள், இல்லையென்றால் லென்ஸ் மாட்டவில்லை என்று சொல்லி அது படமெடுக்க மறுக்கும். துளை முன்னுரிமை முறையில் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். சென்சார் அசைந்து நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இருந்தால் குவியத் தூரம் 58 என்று கையால் பதியுங்கள். ஏபிஎஸ்-சி அளவு சென்சார் என்றால் ஹீலியோஸ் 87 மி.மீ. லென்ஸின் கோணத்தைத் தரும். முகங்களுக்கு அருமையான கோணம்தான். ஆனால் சுழல் குடியிருக்கும் ஓரப் பகுதியை அந்தச் சிறிய சென்சார் வெட்டி எறிந்துவிடும். சுழலுக்காக மட்டும் வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

வாங்கும்போது கைப்பேசி விளக்கை ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் பாருங்கள். தூசு இருந்தால் பாதகமில்லை. சிலந்திவலை போன்ற வெள்ளை இழைகள் இருந்தால் அது பூஞ்சை. பூச்சை அரித்துக் கண்ணாடியிலேயே தழும்பு விட்டுவிடும். ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே வானவில் திட்டு தெரிந்தால் பசை விட்டிருக்கிறது. துளை இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் கிரீஸ் உருகி இறங்கியிருக்கிறது. 44-2இல் இதழ்களைக் கையால் நகர்த்துவதால் அது பெரிய குறை அல்ல. தூர வளையம் இறுகியிருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது, பழுது பார்ப்பவரால் சரிசெய்ய முடியும். பூஞ்சை உள்ளதை மட்டும் மலிவு என்பதற்காக வாங்காதீர்கள்.

நம் ஊரில் பழைய லென்ஸ்களைக் கொன்றது பயன்பாடு அல்ல, அலமாரி. சென்னை போன்ற கடலோர நகரங்களில் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 60 விழுக்காட்டுக்கு மேலேதான் இருக்கிறது. பூஞ்சைக்கு வேண்டியதும் அதுதான். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்து, இருட்டையும் கொடுத்து அதை வளர்க்கும். அப்பாவோ சித்தப்பாவோ வைத்திருந்த கேமரா உங்கள் வீட்டு பீரோவில் அப்படிக் கிடந்தால், பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் அந்த லென்ஸை வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். தெளிவாக இருந்தால் தோல் உறையைத் தூக்கி எறிந்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலம் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் போய் வாருங்கள்.